நூற்றில் எண்பத்தைந்து வண்டிகள்

லாரி என்னைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாகிவிட்டது. முந்நூறு மீட்டருக்கு அப்பால் வரும்போது உறுமிக்கொண்டுதான் வந்தது. என் மஞ்சள் மேல்சட்டை கண்ணில் பட்டதும் உறுமல் அடங்கியது. ஓட்டுநரின் கை அவசரமாகத் தோளுக்குப் பின்னால் போய் பெல்ட்டை இழுத்து மாட்டியது. என்னைக் கடக்கும்போது அவர் நெற்றிவரை கையைத் தூக்கி ஒரு சல்யூட் வேறு வைத்தார். கையிலிருந்த ஸ்பீடு கன்னைப் பார்த்தேன். அறுபத்தொன்று. பின்னால் வந்த கார் அறுபத்திரண்டு. அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டி, பயத்தில் நாற்பது.

மணி ஏழுகூட ஆகவில்லை. ஒன்பது நாட்களாகக் காலை ஆறு மணிக்கு இந்த வளைவுக்கு வந்து, ஒன்பது மணிவரை நின்றுவிட்டு அலுவலகத்துக்குப் போகிறேன். நான் போலீஸ்காரன் இல்லை. நெடுஞ்சாலைத் துறையில் வடிவமைப்புப் பொறியாளன். யாரையும் நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் மஞ்சள் சட்டை ஒன்றும் கையில் துப்பாக்கி மாதிரி ஏதோ ஒன்றும் இருந்தால் அதிகாரத்தை ஜனங்களே கொடுத்துவிடுகிறார்கள். கருவியை வெளியே எடுத்துப்போவதற்கான பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'சரிபார்ப்பு' என்று எழுதியிருக்கிறேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய பொய்களில் அது கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது.

வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லியிருந்தேன். "நடக்கப் போறவங்களுக்குத் தொப்ப குறையும், உங்களுக்கு மூஞ்சி மட்டும் கருக்குது," என்றாள் மனைவி. "கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல எனக்காக ஒரு நாள் அஞ்சு மணிக்கு எழுந்திருச்சிருக்கீங்களா?" காலையில் எழுந்து போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், நான் எழுதிய ஒரு எண்ணை உண்மையாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த எண் அறுபத்திரண்டு.

சாலையில் ஒரு வளைவு போடுவதற்கு முன், அந்த வழியில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று தெரிந்தாக வேண்டும். எல்லாருடைய வேகத்தையும் கணக்கில் எடுக்க மாட்டோம். நூறு வண்டிகளில் எண்பத்தைந்து எந்த வேகத்துக்குள் போகின்றனவோ, அதை எடுத்துக்கொள்வோம். மிச்சம் பதினைந்து பேரை எங்கள் துறை கடவுளிடம் ஒப்படைத்துவிடும். பிறகு அந்த வேகத்துக்கு ஏற்ற வளைவு. வேகம் இரண்டு மடங்கானால் வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். அதில் பேரம் பேச முடியாது. வண்டி வெளிப்பக்கம் இழுக்கும் என்பதால் வெளி ஓரத்தைச் சற்று உயர்த்திக் கட்டுவோம். அதற்கும் ஓர் அளவு உண்டு; அதைத் தாண்டி உயர்த்தினால் மெதுவாகப் போகிற வண்டி உள்பக்கம் சரியும். இதெல்லாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மிச்ச வருஷங்களில் அதை எப்படி மறப்பது என்பதை அலுவலகம் சொல்லிக்கொடுக்கிறது.

பழைய சாலையை அகலப்படுத்தும் வேலை எங்களிடம் வந்தபோது வேகக் கணக்கெடுப்பு மூன்று நாள் நடந்தது. அதை ஒரு விழாவாகவே நடத்தினார் எங்கள் தலைமைப் பொறியாளர். பெரிய சார் என்றுதான் அவரைச் சொல்வோம். எந்தக் கூட்டத்தையும் "சாலை என்பது வெறும் தார் அல்ல, அது ஒரு தத்துவம்" என்று தொடங்குகிறவர். கணக்கெடுக்கும் இடத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால், சாலையின் இரண்டு பக்கமும், 'அறிவியல் முறையில் வேகக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது' என்று ஆளுயரப் பேனர் வைக்கச் சொன்னார். பேனரில் அவர் படம், கை கூப்பியபடி. நாங்கள் ஆறு பேர் மஞ்சள் சட்டையும் தொப்பியுமாக, பெரிய குடைக்குக் கீழே, முக்காலியில் கருவியை நிறுத்திவைத்து நின்றோம். வந்த வண்டியெல்லாம் பேனரைப் படிக்க மெதுவானது. படித்ததும் இன்னும் மெதுவானது. சிலர் இறங்கி வந்து லைசென்ஸைக்கூட நீட்டினார்கள். அறுபத்திரண்டு அப்படிப் பிறந்த எண்.

மூன்றாம் நாள் மதியம் காற்றில் பேனர்கள் விழுந்துவிட்டன. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜீப் ஓட்டுநர் மட்டும் என்னோடு இருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மூன்று நாளாக வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார். "சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? மாமியார் வந்து நடு வீட்ல உக்காந்திருக்கும்போது மருமக எப்படி நடந்துக்கறான்னு கணக்கெடுத்தா, அது சரியா வருமா?"

சிரித்துவிட்டேன். இருவரும் மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டு, ஜீப்பை மரத்தடியில் நிறுத்தி, உள்ளேயிருந்தபடி ஒரு மணி நேரம் அளந்தோம். நான் எண்ணைச் சொல்ல, அவர் வண்டி ஓடிய தூரத்தைக் கணக்கெழுதும் தாளின் பின்பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். வேக வரிசையில் அடுக்கினால், நூற்றுக்கு எண்பத்தைந்தாவது வண்டியின் வேகம் எண்பத்துநாலு.

அறுபத்திரண்டு என்றால் அதை அறுபத்தைந்தாக்கிக்கொண்டு நூற்றைம்பது மீட்டர் ஆரத்தில் வளைவு போதும். எண்பத்துநாலு என்றால் இருநூற்றைம்பது வேண்டும். இருநூற்றைம்பது மீட்டரில் கோடு இழுத்தால், அது வளைவின் உட்பக்கமாக நகர்ந்து எங்கள் துறையின் விருந்தினர் மாளிகைத் தோட்டத்துக்குள் புகுந்து, பேட்மிண்டன் கோர்ட்டில் வலை கட்டும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகும். பெரிய சார் தினமும் சாயங்காலம் ஆடும் கோர்ட் அது. எதிர்ப்பக்கம் ஆடுகிறவர்களின் பதவி உயர்வு அவர் கையில் இருந்ததால் அவர் தோற்றதே கிடையாது. நானும் பலமுறை அவரிடம் தோற்றிருக்கிறேன். ஒருமுறை இடது கையால் ஆடிக்கூடத் தோற்க வேண்டியிருந்தது.

ஆனாலும் தாளை எடுத்துப்போனேன். அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆய்வுக் கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். பெரிய சார் தாளை விரலிடுக்கில் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு எழுதுனது?"

"டிரைவர் சார். நான்தான் அளந்தேன்—"

"டிரைவர் எழுதுனத வெச்சா நாம ரோடு போடறது?" என்று கேட்டு, எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்புறம் நாளைக்கு டிசைனும் அவரே போடட்டும். நாம ஜீப் ஓட்டப் போயிடலாம்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சும்மா ஒப்புக்கு அல்ல. தோள் குலுங்கச் சிரித்தேன். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நூற்றைம்பது மீட்டர் வளைவை வரைந்து, முந்நூற்றுச் சொச்சம் பக்க அறிக்கையின் கடைசியில் கையெழுத்துப் போட்டேன். திறப்பு விழாக் கல்வெட்டில் பெரிய சாரின் பெயர் பட்டங்களோடு நாலு வரி. அடியில், புல் வளர்ந்தால் மறைந்துவிடும் இடத்தில், என் பெயர்.

வளைவின் வெளிப்பக்கம் ஒரு பஞ்சர் கடை. கணவர் போன பிறகு ஒரு அக்காதான் நடத்துகிறார். ஜாக்கியை ஒரு கையால் தூக்குவார். கடைக்கு முன்னால் கம்பி வேலி. அந்த வேலியில் வீல் கப்புகள் தொங்குகின்றன. வளைவில் சறுக்கிய வண்டிகள் விட்டுப்போனவை. சாலை திறந்து பதினான்கு மாதத்தில் பதினொன்று. வரிசையில் ஐந்தாவதாக மட்டும் வீல் கப் இல்லை, மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி, கீறல் விழுந்தது.

இரண்டாம் நாளே எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். "நல்லாருப்பீங்க சார். முன்னெல்லாம் வாசப்பக்கம் உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியாது, எப்ப எது வந்து மடியில உக்காரும்னு தெரியாது. நீங்க வந்ததுலேர்ந்து காலைல மட்டும் நிம்மதி. சாயங்காலமும் ஒரு ஆளப் போடச் சொல்லுங்களேன்."

"சொல்றேன்க்கா."

"இந்த வளைவப் போட்டவன் மட்டும் என் கையில கெடைக்கணும். டயர்ல அடிக்கிற காத்தை அவன் வாயில வெச்சு அடிச்சு விட்டுருவேன்."

டீயை ஊதிக் குடித்தேன். அந்தக் கண்ணாடியைப் பற்றி நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "அது புருஷன் பொண்டாட்டி வந்த வண்டி சார். அவரு எழுந்திரிச்சு, மண்ணத் தட்டிவிட்டு, வண்டியத் தூக்கி நிறுத்தினாரு. அந்தப் பொண்ணு எழுந்திரிக்கவே இல்ல," என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்து முந்தானையால் அதன் தூசியைத் துடைத்துவிட்டுப் போனார். தினமும் துடைப்பார் போல. வேலியில் அது ஒன்றுதான் பளிச்சென்று இருந்தது.

பதினொன்றாவது வீல் கப் பெரிய சாருடைய காரின் வீல் கப்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. பக்கத்து ஊரில் ஒரு பாலத்துக்கு ரிப்பன் வெட்டப் பெரிய சார் போனார். கிளம்பவே முக்கால் மணி நேரத் தாமதம். உடுத்தியிருந்த கோட்டுக்குப் பொருத்தமான டை கிடைக்கவில்லை என்று கேள்வி. வண்டி ஓட்டியவர் அதே ஓட்டுநர். போன வருஷம்தான் ஜீப்பிலிருந்து பெரிய சார் காருக்கு மாற்றியிருந்தார்கள். எப்போதும் இந்த வளைவில் ஐம்பதுக்கு வந்துவிடுகிறவர். அன்றைக்குப் பின் இருக்கையிலிருந்து "ஓட்டுய்யா, ஓட்டு" என்ற சத்தம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. ரோட்டில் கொஞ்சம் மணல் சிந்திக் கிடந்திருக்கிறது. கார் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் அக்காவின் டயர் அடுக்கில் மோதி நின்றது. ஓட்டுநருக்கு இடது தோள் எலும்பு முறிவு. பெரிய சாருக்குக் கழுத்துப் பட்டை.

ஓட்டுநரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் நாளே பெரிய சார் என்னைக் கூப்பிட்டார். கழுத்து திரும்பாது, அதனால் பேசும்போது உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினார். ஒரு கல்வெட்டு திரும்புவது போல இருந்தது. "டெக்னிக்கல் நோட் ஒண்ணு போடுங்க. ரெண்டு வரி போதும். வடிவமைப்பு வேகம் அறுபத்தஞ்சு. ஆளு போனது எண்பதுக்கு மேல. நாமளே மூணு நாள் கணக்கெடுத்தோமே, நூத்துக்கு எண்பத்தஞ்சு பேரு ஒழுங்காத்தானே போறான்? இவருக்கு மட்டும் என்ன?" அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்த எண்ணை அவர் மனப்பூர்வமாக நம்பிவிட்டிருந்தார். "நான் ஓட்டச் சொன்னதா சொல்றாராம். நான் ஃபைல் பாத்துக்கிட்டிருந்தேன்."

இரண்டு வரியை அவரே தட்டச்சு செய்தும் வைத்திருந்தார். என் கையெழுத்து மட்டும் பாக்கி. அது இருந்தால் ஓட்டுநருக்கு வேலை போகும், லைசென்ஸும் போகும். ஐம்பத்தாறு வயதில், வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர். தாளை வாங்கிக்கொண்டு "படிச்சுப் பாத்துத் தர்றேன் சார்" என்றேன். இரண்டு வரியைப் படிக்க ஒன்பது நாளாகியும் எனக்கு முடியவில்லை. தாளை வாங்கிய மறுநாள் காலை முதல் இங்கே வந்து நிற்க ஆரம்பித்தேன். இன்றைக்குப் பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் விசாரணை. என் பையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன: அவர் தட்டச்சு செய்தது ஒன்று, மூன்று வருஷமாக மடிப்பிலேயே கிழிந்துபோன பழைய தாள் ஒன்று.

ஏழரை மணி பஸ்ஸில் ஓட்டுநர் வந்து இறங்கினார். வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டைதான், தேய்த்துப் போட்டிருந்தார். இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. நேராக என் பக்கத்தில் வந்து நின்று, கருவியை எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கும் அறுபத்திரெண்டுதானா சார்?"

"நான் இங்க இருக்கறது உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"லாரிக்காரங்க பேசிக்கறாங்க சார். வளைவுல புதுசா ஒருத்தரு நிக்கிறாரு, யாரையும் புடிக்க மாட்டேங்கறாரு, எதுவும் கேக்க மாட்டேங்கறாரு, பாத்தாலே பயமா இருக்குன்னு. நம்ம சாராத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

ஒரு கார் மெதுவாகி எங்களைக் கடந்தது. அவர் அது வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிட்டயராக இன்னும் எத்தன வருஷம் சார் உங்களுக்கு?"

"எட்டு."

"எட்டு வருஷமும் நிப்பீங்களா? மழைல? ஞாயித்துக்கிழம?" கேலி இல்லாமல், லீவு எப்படிப் போடுவீர்கள் என்பதுபோலக் கேட்டார். "ஒம்போது மணிக்கு மேல வர்றவன் என்ன சார் பாவம் பண்ணான்?"

பையிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டினேன். மடிப்புகளை ஒரே கையால் மெல்லப் பிரித்தார். தன் எழுத்தைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது, பழைய போட்டோவில் தன்னைப் பார்த்தவர்போல.

"இத வெச்சிருக்கீங்களா? தூக்கிப் போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

"இதக் குழுகிட்ட குடுத்துடறேண்ணே."

"செல்லாது சார்." தாளைத் திரும்ப மடித்தார். "டிரைவர் எழுதுனது. அன்னிக்கே சொல்லிட்டாங்களே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"டிராயிங் சுருள எடுத்துட்டு வரச் சொன்னீங்கல்ல. நான் வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். சிரிச்சு முடிக்கட்டும், அப்புறமா உள்ள வரலாம்னு."

அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். என் நாற்காலிக்கு நேர் பின்னால். அவருக்குத் தெரிந்திருக்கக் கூடியது என் முகம் அல்ல. குலுங்கிய என் தோள்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என்னைப் பார்த்தபோதெல்லாம் வணக்கம் சொல்லியிருக்கிறார். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

"அண்ணே—"

"அத விடுங்க சார். சட்டையக் கழட்டுங்க. இன்னும் நேரம் இருக்கு."

மஞ்சள் சட்டையைக் கழற்றி அக்காவின் வேலிக்குப் பின்னால் போட்டேன். அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்தார். டயர் அடுக்குக்குப் பின்னால் இரண்டு பழைய டயர்களில் உட்கார்ந்தோம். வெளியே கருவியின் மூக்கு மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் நல்ல கையால் அதைப் பிடித்துக்கொண்டார். "நான் பாத்துச் சொல்றேன். நீங்க எழுதுங்க. உங்க கையாலயே எழுதுங்க."

முதல் வண்டி எழுபத்தொன்பது. அடுத்தது எண்பத்தாறு. எண்பத்துமூன்று. காலையில் எனக்குச் சல்யூட் அடித்த லாரி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. இப்போது பெல்ட் இல்லை, எழுபத்தேழு. ஒவ்வோர் எண்ணையும் எழுதிவிட்டு, அந்த வண்டி வளைவைக் கடந்து சத்தம் தேய்ந்து மறையும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன். நான் எழுந்து நின்றால் போதும். அத்தனை பேரும் மெதுவாகிவிடுவார்கள். எழுந்து நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா கடை வாசலில் இருந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டார்.

"ஏன் சார், இன்னிக்கு வேல இல்லையா உங்களுக்கு?" என்றார் உள்ளேயிருந்து.

"இதாம்மா வேல," என்றார் ஓட்டுநர்.

"அப்ப இத்தன நாளு நின்னது?"

"இந்த வளைவப் போட்டது நான்தாங்க்கா," என்றேன். டயர் அடுக்கைப் பார்த்தே சொன்னேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

நூறு வண்டி வேண்டும். ஒன்பதரை மணிக்கு அறுபத்தேழு ஆகியிருந்தது. பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பதினோரு மணிக்குப் போய்ச் சேர முடியும்.

"சார்," என்றார் ஓட்டுநர். குரல் மாறியிருந்தது. "நம்ம வண்டி."

தூரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. மாற்று ஓட்டுநர், புது ஆள். முன்கண்ணாடிக்குப் பின்னால் துறையின் சின்னம். பின் இருக்கையில் நிமிர்ந்த தலை, வெள்ளைக் கழுத்துப் பட்டை, கையில் விரித்த ஃபைல். நான் பாதி எழுந்துவிட்டேன். மஞ்சள் சட்டை வேலிக்குப் பின்னால் கிடந்தது. கார் எங்களைத் தாண்டி வளைவுக்குள் நுழைந்தது. டயர்கள் கிறீச்சிட்டன, பின்பக்கம் ஒருமுறை வெளியே வீசி, வெள்ளைக் கோட்டைத் தொட்டு, திரும்ப உள்ளே வந்தது. பின்கண்ணாடியில் கழுத்துப் பட்டை அசையவேயில்லை. பட்டம் வாங்கக் காத்திருப்பவர்போல நேராகவே இருந்தது. வளைவு தாண்டி, சத்தம் தேய்ந்தது.

ஒரு வீல் கப் மட்டும் அவரோடு போகவில்லை. அது தனியாகக் கழன்று, நேர்கோட்டில் உருண்டு வந்து, சாலை ஓரத்தைத் தாண்டி, வேலியில் மோதி, கடை வாசலில் விழுந்து தட்டுப்போலச் சுழல ஆரம்பித்தது. அக்கா வெளியே வந்து இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஓட்டுநர் கருவியை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். தொண்ணூற்றொன்று. அடுத்த வண்டி வரும்வரை அந்த எண் அழியாது.

"எழுதுங்க சார்," என்றார்.

சாலையில் இரண்டு பக்கமும் வண்டி எதுவும் இல்லை. வாசலில் வீல் கப் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. தாழத் தாழ அதன் சத்தம் வேகமாகிக்கொண்டே போனது.